அரிசி ஊர்த்தெருவில் இருக்கிறது

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் ரேஷன் அரிசியைப் பத்திப் பேசுறேனே என்றேன். கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘சரி, ரெண்டும் ஒண்ணுதானே’ என்றார். ஒன்றில்லை தோழர்களே. கவிதை இல்லாமல் ஒரு மாதம் ஓட்டிவிடலாம்.

முதலில் ஒரு கேள்வி. உங்க ஊர்ல ரேஷன் கடை எங்க இருக்கு? சேரிக்குள்ள, காலனிக்குள்ள இருக்குன்னு சொல்றவங்க கை தூக்குங்க. (நான்கைந்து பேர் கை தூக்குகிறார்கள்.) சரி. ஊர்த்தெருவில்? (மற்ற எல்லோரும்.) பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில், கூட்டுறவுச் சங்கத்துக்குப் பின்னால், மாரியம்மன் கோயில் எதிரே, நாட்டாமை வீட்டு வாடகைக் கட்டிடத்தில். யாரும் சதி செய்து அங்கே வைத்ததில்லை. கட்டிடம் யாரிடம் இருக்கிறதோ, லாரி எதுவரை போகிறதோ, சங்கத் தலைவர் யாரோ, அங்கே கடை வரும். சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. அது உத்தரவு போடுவதில்லை, இடத்தை மட்டும் தீர்மானிக்கிறது.

சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் 2005இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாடு உட்பட 5 மாநிலங்களில் 531 கிராமங்களில் எடுத்த கணக்கு. மதிய உணவிலும் ரேஷன் கடையிலும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். கடை எந்தத் தெருவில் இருக்கிறது, கடைக்காரர் எந்தச் சாதி, ஒரே விலைக்கு ஒரே அளவு கிடைக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். ஏந்திய கைகளில் படாமல் மேலே இருந்து சாமானைப் போடுகிற பழக்கத்தையும் அதில் எழுதியிருக்கிறார்கள். அரசாங்கத்தின் அரிசி, அரசாங்கத்தின் தராசு, அரசாங்கம் கொடுத்த அட்டை. நடுவில் ஒரு சாண் இடைவெளி மட்டும் மனுவுடையது.

இன்றைக்கு எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது, பில் போடும் மெஷின் வந்துவிட்டது, செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அப்புறம் என்ன என்று கேட்கலாம். தராசு சரியான எடை காட்டும். ஆனால் வரிசையில் யாரை முதலில் கூப்பிடுவது, யாரிடம் ‘நாளைக்கு வா’ என்பது, யாரை ‘வாங்க’ என்று சொல்வது, யாரை ‘ஏம்மா, தள்ளி நில்லு’ என்பது, இதெல்லாம் பில்லில் வராது.

இதில் அவமானம் மட்டும் இல்லை. இன்னொரு பக்கம் உண்டு, அதற்காகத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

1928இல் பம்பாய் அரசாங்கம் ஸ்டார்ட்டே என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது. அம்பேத்கர் அதில் உறுப்பினர். 1930இல் அறிக்கை வந்தது. தீண்டப்படாத மக்கள் தங்கள் உரிமையைக் கேட்டால் ஊர் என்ன செய்கிறது என்பதை அந்த அறிக்கை எழுதி வைத்திருக்கிறது. அடிதடி ஒரு பக்கம். அதைவிட மோசமான ஆயுதம் சமூகப் பகிஷ்காரம் என்கிறது. நிலத்தில் வேலை கிடையாது, குத்தகை கிடையாது, பாதை கிடையாது, கடைசியாக ஊர் மளிகைக் கடைக்காரரிடம் சொல்லி உப்பு புளி மிளகாய் விற்காமல் நிறுத்துவது. அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், போலீசுக்குப் போகலாம். அடுப்பு எரியாதவன் யாரிடம் போவான்? மூன்றாம் நாள் ஊர்க்கூட்டத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

அந்த 1930இலேயே வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த அரசியல் பாதுகாப்புத் திட்டத்தைப் படித்துப் பாருங்கள். தனித் தொகுதி பற்றி எல்லாருக்கும் தெரியும். பகிஷ்காரத்தைக் குற்றமாக்க வேண்டும் என்று அதில் ஒரு கோரிக்கை இருப்பது பலருக்குத் தெரியாது. பர்மாவில் 1922இல் போட்ட பகிஷ்காரத் தடைச் சட்டத்தின் வாசகத்தை எடுத்து வைத்துக் கேட்டார்கள். அது தனிக் குற்றமாகச் சட்டத்தில் ஏற எவ்வளவு காலம் ஆனது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் சமூகப் பகிஷ்காரமும் பொருளாதாரப் பகிஷ்காரமும் தனிக் குற்றமாக வந்தன. 1930க்கும் 2015க்கும் நடுவில் 85 வருசம். ஒரு மளிகைக் கடை வாசலில் நாம் 85 வருசம் நின்றிருக்கிறோம்.

சட்டம் வந்தபிறகு நின்றுவிட்டதா? 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெட்டிக்கடைக்கு மிட்டாய் வாங்கப் போனார்கள். ‘ஊர்க் கட்டுப்பாடு இருக்கு, உங்களுக்குக் கொடுக்க முடியாது, வீட்ல போய்ச் சொல்லுங்க’ என்ற பொருளில் கடைக்காரர் சொன்னது வீடியோவாகவே வந்தது. அந்தப் பிள்ளைகள் ‘கட்டுப்பாடுன்னா என்ன?’ என்று விளங்காமல் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். வீடியோ வந்ததால் நடந்தது. வீடியோ எடுக்காத கடைகள் எத்தனையோ.

இப்போது ரேஷன் கடைக்கு வருவோம். அண்ணாச்சி கடையும் பெட்டிக்கடையும் ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயப்படலாம், அல்லது அதில் பங்கெடுக்கலாம். ரேஷன் கடை பயப்பட முடியாது, பயப்படக் கூடாது. ஊர் மொத்தமும் சேர்ந்து ‘இவனுக்குக் கொடுக்காதே’ என்றாலும், அட்டை இருக்கிறவனுக்கு அரிசி அளந்தாக வேண்டும். பகிஷ்காரத்தின் கழுத்தைப் பிடிக்கிற ஒரே மளிகைக் கடை அதுதான். அந்தக் கடையைக் கொண்டுபோய் ஊர்த்தெரு நடுவில் வைத்தால் என்ன அர்த்தம்? பிரச்சினை வந்த வாரத்தில் எந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியாதோ, அங்கேதான் நம்ம அரிசி இருக்கிறது. சேரிக்குள் ஒரு பகுதிநேரக் கடை கேட்பதை வெறும் வசதிக் கோரிக்கையாக, ‘கிழவிகள் நடக்க முடியல சார்’ என்கிற மாதிரி மனுப் போடுகிறோம். அது வசதிக் கோரிக்கை இல்லை, பாதுகாப்புக் கோரிக்கை. மனுவில் அப்படியே எழுதுங்கள்.

அரிசியும் நம்ம அரசியலும் புதுசா ஒட்டினதில்லை. தஞ்சாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய உணவுக் கழகம் 1965இல் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான். நாட்டுக்கே நெல் கொடுத்த மண். 1967இல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஒரு கட்சி ஆட்சியைப் பிடித்தது. சென்னையிலும் கோவையிலும் படியரிசி போட்டார்கள். நகரத்தில் ஒரு படி அரிசி ஆட்சியை மாற்றியது. அடுத்த வருசம், 1968 டிசம்பர் 25, அதே பழைய தஞ்சை மாவட்டத்தில் கீழ்வெண்மணி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டவர்களின் குடிசையில் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. ஓட்டுப் போட்டு அரிசி கேட்டவனுக்குத் திட்டம் கிடைத்தது. அந்த நெல்லை நட்டு, அறுத்து, அடித்து, தூற்றி, களத்தில் நின்று கேட்டவளுக்குத் தீ கிடைத்தது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்காமல் தமிழ்நாட்டின் உணவு அரசியலை யாராவது புகழ்ந்தால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

அதற்காக அந்தத் திட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டையைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாருக்கும் என்று நின்றது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். எல்லாருக்கும் என்பது நமக்கு ஏன் முக்கியம்? ‘ஏழைக்கு மட்டும்’ என்றால் ஏழை யார் என்று பட்டியல் போடவேண்டும். கிராமத்தில் பட்டியல் யார் போடுவார்? பட்டியல் போடுகிறவன் வீட்டுத் திண்ணையில் நாம்தானே நிற்கவேண்டும்? இன்னொன்று, ஊர்க்காரனும் அதே கடையில் வாங்குகிறவரைக்கும்தான் அரிசி புழு இல்லாமல் வரும். அவன் விலகிப்போன பிறகு அது சேரிக் கடை. சேரிப் பள்ளிக்கூடம், சேரிச் சுடுகாட்டுப் பாதை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அதுவும் ஆகும்.

இந்த இலவச அரிசி வந்தபிறகு ஒரு புலம்பல் கிளம்பியது. நீங்களும் பஸ்ஸில், டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். ‘ஓசி அரிசியைத் தின்னுட்டு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டேங்கறான்.’ 2018 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு ஒன்றே, இலவசங்கள் மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டன, வடமாநிலத்திலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்ற பொருளில் கருத்துச் சொன்னது. நான் பேங்க் கிளார்க், எனக்குக் கணக்குத்தான் வரும். நாலு பேர் இருக்கிற வீடு. உடல் உழைக்கிற வீட்டில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வைப்போம். நாளைக்கு 1,600 கிராம். 20 கிலோ அரிசி பன்னிரண்டரை நாள் வரும். மீதிப் பதினேழு நாளுக்கு அந்தச் சோம்பேறி என்ன தின்கிறான் என்று எந்த நீதிமானும் கேட்கவில்லை. அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ, அதுவும் 22 நாளைத் தாண்டாது. சோறு மட்டும் போதுமா? குழம்பு வேண்டாமா? 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது, ‘இந்த மாசம் பருப்பு வரல’ என்று சொல்லாத மாதங்களில். புளி, மிளகாய், கருவாடு, கறி எல்லாம் அண்ணாச்சி கடைக் கடன் நோட்டில்தான்.

ஆனால் அந்தப் புலம்பலில் ஒரு உண்மை இருக்கிறது, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு நாள் அரிசி வீட்டில் இருந்தால், ஆண்டை சொன்ன கூலிக்கு அன்றைக்கே ஓடவேண்டியதில்லை. ‘இருநூறு கம்மி, முந்நூறு கொடு’ன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் வீட்டில் உட்காரலாம். பேரம் பேசத் தேவையான அந்த ரெண்டு நாளைத்தான் அவர்கள் சோம்பேறித்தனம் என்கிறார்கள். வேலைநிறுத்த நிதி வைத்திருக்கிற தொழிற்சங்கத்தை யாரும் சோம்பேறிச் சங்கம் என்று சொல்வதில்லை. சேரியின் வேலைநிறுத்த நிதி பானைக்குள் இருக்கிறது. கோபம் அரிசியின் மேல் இல்லை, பானை மேல்.

இங்கே ஒரு சிக்கலான கேள்வி வரும். இளைய தோழர் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். ‘தானியமாகக் கூலி வாங்குவதே அடிமைத்தனம் என்று சொன்னவர் அம்பேத்கர். மகர்கள் வீடுவீடாகப் போய் வாங்கிய பலுத்தா தானியத்தையும் வதன் முறையையும் ஒழிக்க 1928இலேயே பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். நாம் இப்போது அரசாங்கத்திடம் தானியம் கேட்பது பின்னால் போவது ஆகாதா? பணமாகக் கொடுத்துவிடட்டுமே. எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்வோம், ஊர்த்தெருவில் போய் நிற்கவேண்டாமே?’

நல்ல கேள்வி. எளிதாகத் தள்ள முடியாது. பலுத்தா தானியம் எப்படிப்பட்டது? யார் கொடுப்பது, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் ஊர் வைத்ததுதான் சட்டம். கேட்டால் பிச்சை, எதிர்த்துக் கேட்டால் நிறுத்தம். அட்டைக்கு வருகிற அரிசிக்கு எண் இருக்கிறது, அளவு இருக்கிறது, 2013ஆம் வருசத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் அதற்குப் படி கேட்கச் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. இரண்டும் தானியம்தான், ஆனால் யாரால் நிறுத்த முடியும் என்பதில் வேறுபாடு. அம்பேத்கர் எதிர்த்தது நெல்லை இல்லை, நெல்லைப் பிடித்திருந்த கையை.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். 2015இல் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட ஆரம்பித்தார்கள். புதுச்சேரியில் இலவச அரிசியை அரிசியாகக் கொடுப்பதா பணமாகக் கொடுப்பதா என்று முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் சண்டை நடந்து உயர்நீதிமன்றம் வரை போனது. கடைகள் வருசக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2024இல் மறுபடி திறந்து அரிசி போட்டார்கள். தெருவில் நின்று கடையைத் திற என்று கேட்டவர்கள் பெண்கள்தான். ஏன் கேட்டார்கள் என்று கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற எனக்குப் புரியும்.

பணம் கணக்கில் விழுந்த அன்றைக்கு என்ன நடக்கிறது? அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது. ‘சலான் எழுதிட்டு வாம்மா’ என்று ஒரு குரல். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, நெட்வொர்க் இல்லை, கே.ஒய்.சி. முடிந்துவிட்டது. குழுக் கடன் வசூலிக்கிற பையன் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிறான், அவனுக்கு எந்தத் தேதியில் யாருக்குப் பணம் விழும் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். பழைய கடன் பாக்கி என்று முதியோர் பென்ஷனிலேயே பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அரிசியை யாரும் பாக்கிக்கு வரவு வைக்க முடியாது. அப்புறம் விலை. இன்றைக்கு வெளியில் கிலோ 40 ரூபாய் என்றால் 20 கிலோவுக்கு 800 ரூபாய் கொடுப்பார்கள். அரிசி 55 ஆகும்போது பணம் 800லேயே நிற்கும். அரிசி கிலோ கிலோவாகவே இருக்கும். குடிகாரக் கணவன் கதையை நான் சொல்லமாட்டேன், அதை நம்மைப் பற்றிச் சொல்ல வேறு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆகவே பணம் வேண்டாம், அரிசி வேண்டும், ஆனால் ஊர்த்தெருவில் வேண்டாம். இதுதான் என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்து இருந்தால் கேள்வி நேரத்தில் சொல்லுங்கள்.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாக. 2020 அக்டோபர் முதல் இங்கே கைரேகை வைத்துத்தான் சாமான் வாங்குகிறோம். நாற்று நட்ட விரலிலும் சிமெண்ட் குழைத்த விரலிலும் ரேகை தேய்ந்திருக்கும். உழைத்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சியை மெஷின் ‘பொருந்தவில்லை’ என்கிறது. இங்கே ஓ.டி.பி., கருவிழி என்று மாற்று வழி உண்டு. ஜார்க்கண்டில் 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி செத்துப்போனாள். ஆதார் இணைக்கவில்லை என்று அவர்கள் குடும்ப அட்டையை நீக்கியிருந்தார்கள். சோறு சோறு என்று கேட்டபடியே போனாள் என்று தாய் சொன்னார். மலேரியா என்றது அரசு நிர்வாகம். நோய்க்குப் பெயர் வைக்கிற அதிகாரமும் அவர்களிடம்தான். அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தியத் தொகுப்பில் எத்தனை பேருக்குத் தானியம் என்பது இன்னமும் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படிதான். இதனால் நாடு முழுக்க 10 கோடிப் பேருக்கு மேல் விடுபட்டிருக்கிறார்கள் என்று ழான் த்ரேஸும் ரீதிகா கேராவும் 2020இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

கடை ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைந்தால் நாம் விற்பனையாளரோடும் கட்டுநரோடும் சண்டை போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அவர்களில் நம்ம பிள்ளைகளும் இருக்கிறார்கள். குடோனிலிருந்து வருகிற மூட்டையே எடை குறைவாக வருகிறது என்பது அவர்கள் பல வருசமாகச் சொல்லும் புகார். கேள்வியைக் குடோன் வரைக்கும் கொண்டுபோக வேண்டும்.

செய்யவேண்டிய வேலைக்கு வருவோம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 29ஆம் பிரிவு, ஒவ்வொரு கடைக்கும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், ஆதரவற்றோர் அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும். 28ஆம் பிரிவு சமூகத் தணிக்கை. உங்கள் கடையின் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். வருகிற பதிலை ஊர்த்தெருவில் படிக்க வேண்டாம், சேரியில் படியுங்கள். பேர் போட்டிருக்கிற ஆளுக்கே தான் உறுப்பினர் என்று தெரியாமல் இருக்கலாம். கடையில் மறுத்தால் 1967க்கு போன் போட்டுப் புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். சாதியைச் சொல்லி மறுத்தால் அது ரேஷன் புகார் இல்லை, வன்கொடுமை வழக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் காவல் நிலையத்தில் ‘இது சிவில் சப்ளைஸ் விவகாரம்’ என்று தட்டிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, மாணவத் தோழர்களுக்கு. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட ஜோடிகள் பலருக்கு அட்டை இல்லை. புது அட்டை வேண்டுமென்றால் பழைய அட்டையில் பேர் நீக்க வேண்டும். பேர் நீக்க ஆன்லைனில் போனால் ஓ.டி.பி. அட்டையோடு பதிந்த செல்போனுக்குப் போகும். அது யாருடைய செல்போன்? வெட்டுவேன் என்று அரிவாளோடு தேடுகிற அப்பனுடையது. ‘அப்பாகிட்ட ஓ.டி.பி. கேட்டு வாங்கி வாம்மா’ என்று தாலுகா ஆபீசில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அட்டை இல்லாவிட்டால் அரிசி மட்டுமா போகிறது? விலாசம் போகிறது, கேஸ் போகிறது, மகளிர் உதவித்தொகை போகிறது. கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடத் தோழர்கள் ஓடி வருகிறோம். அதற்கு அடுத்த மாதம் அவர்கள் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்பதில்லை. திருமணப் பதிவுச் சான்றையும் ஆதாரையும் வைத்து, பெற்றோர் சம்மதம் இல்லாமல் அலுவலரே பேரை நீக்கித் தரவேண்டும் என்று வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்போம். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குவோம். அது கையில் இருந்தால்தான் மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் மேல்முறையீடாகப் போக முடியும்.

நம்ம வட்டாரத்தில் இப்படி நாலு ஜோடி இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் போகிறோம். நான் அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். கூட வர முடிந்தவர்கள் டீ சாப்பிடப் போவதற்கு முன்னாடி இந்த நோட்டில் பேரை எழுதிட்டுப் போங்க.